தரம் என்ற சாக்கு

1

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, நண்பர் ஒருவர் வீட்டு மொட்டைமாடியில் நாங்கள் ஆறேழு பேர் கூடியிருந்தபோது ஒரு பட்டியல் வாசிக்கப்பட்டது. கவிதைகளின் பட்டியல் அல்ல. கிதார் வாசிப்பவரும், தான் எழுதியதைத் தானே மெட்டமைத்துப் பாடுபவரும், கவிஞர் என்ற முறையில் நம்மில் பலருக்குப் பரிச்சயமானவருமான ஒரு நண்பர், தன் பாடல்களை வீட்டிலேயே ஒலிப்பதிவு செய்ய வாங்கவேண்டிய சாமான்களின் பட்டியல் அது. ஜோடி சேர்த்துப் பொறுக்கிய இரண்டு சிறு கண்டென்ஸர் மைக்குகள், குரலுக்கென்று தனியாக ஒரு பெரிய மைக், எட்டு மைக்குகள் சொருகக்கூடிய இண்டர்ஃபேஸ், வால்வு வைத்த ப்ரீஆம்ப், ஒரு ஜோடி மானிட்டர் ஸ்பீக்கர்கள், சுவரில் ஒட்ட ஃபோம், இன்னும் என்னென்னவோ. மொத்தம் இருபத்திரண்டு அயிட்டங்கள். பாடல்கள் எத்தனை என்று கேட்டேன். ஒன்பது என்றார். அவை ஒன்பதாகவே இருந்து ஆறு வருஷமாகிறது என்பது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

ஏன் இன்னும் பதிவு செய்யவில்லை என்ற கேள்விக்கு அவர் சொன்ன பதில்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். அரைகுறையாகப் பதிவு செய்து வெளியிடுவதைவிட வெளியிடாமலிருப்பது மேல், தரம் என்று ஒன்று இருக்கிறதல்லவா என்றார். கூடியிருந்தவர்கள் தலையை ஆட்டினார்கள். தலையாட்டாமல் என்ன செய்வது? தரம் என்பது நம் வட்டத்தில் யாரும் எதிர்த்துப் பேசமுடியாத வார்த்தை. லட்சக்கணக்கில் விற்கும் பத்திரிகைகளை நாம் அடித்ததெல்லாம் அந்த வார்த்தையைக் கொண்டுதான். அந்த வார்த்தையையே ஒருவர் தன் செயலின்மைக்குப் போர்வையாகப் போர்த்திக்கொள்ளும்போது நமக்கு வாயடைத்துப் போகிறது.

எனக்கு அடைக்கவில்லை. அவர் சொன்னது தரம் அல்ல. தரம் என்பது செய்யப்பட்ட ஒன்றைப் பற்றிய தீர்ப்பு. செய்யப்படாத ஒன்றுக்குத் தரம் கிடையாது, தரக்குறைவும் கிடையாது. ஒன்பது பாடல்களும் தீர்ப்பிலிருந்து தப்பிப் பத்திரமாக இருக்கின்றன. பட்டியல் நீள நீளப் பத்திரமும் கூடுகிறது. அன்று நான் இதைச் சொன்னபோது, ஒலிப்பதிவு என்பது ஒரு விஞ்ஞானம், உணர்ச்சிவசப்பட்டுப் பேசக்கூடாது என்றார் இன்னொருவர். நல்லது. விஞ்ஞானத்தையே பேசுவோம்.

2

சாதாரணமாகச் சுருதி சேர்த்த கிதாரில் மிகத் தாழ்ந்த தந்தி வினாடிக்கு சுமார் 82 முறை அதிர்கிறது. அந்த ஒலியலையின் நீளம் நாலு மீட்டருக்கும் அதிகம். நம் வீட்டு அறைகளில் பாதி அவ்வளவு நீளம் இல்லை. இந்த அலையை, சுவரில் ஒட்டிய இரண்டு அங்குல ஃபோம் என்ன செய்துவிடும்? ஒன்றும் செய்யாது. அது உறிஞ்சுவதெல்லாம் மேல் ஸ்தாயி ஒலிகளை மட்டும். ஆக, ஃபோம் ஒட்டிய அறையில் தந்தியின் பளபளப்பு செத்து, கீழேயிருக்கும் குமுறல் அப்படியே மிஞ்சும். காசு கொடுத்து அறையைக் கெடுத்துக்கொண்டதாக ஆகும். முட்டை அட்டைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அவற்றுக்குப் பதிலாக இலவம்பஞ்சு மெத்தை ஒன்றைச் சுவரோடு நிமிர்த்தி வைக்கலாம். புஸ்தக அலமாரி இருக்கும் பக்கம் உட்காரலாம். நம்மிடம் புஸ்தகங்களுக்கா பஞ்சம்? வேறு வேறு அகலமுள்ள முதுகுகள் ஏறுக்குமாறாக நிற்கும் அலமாரி, வெறும் சிமெண்ட் சுவரைப்போல ஒலியை மொத்தமாகத் திருப்பி அடிக்காது, சிதறடிக்கும். மொஸைக் தரையில் ஜமக்காளம் விரிக்கலாம். அறையின் மூலையில் மட்டும் உட்காரக்கூடாது. தாழ்ந்த ஒலிகள் எல்லாம் அங்கேதான் வந்து தேங்கும்.

பிறகு மின்விசிறி. நம் ஊரில் எந்த மைக்கின் தரத்தையும் முதலில் தீர்மானிப்பது தலைக்குமேல் சுற்றும் மின்விசிறிதான். அதை நிறுத்தினால் வியர்க்கும், விரல் தந்தியில் வழுக்கும்; நிறுத்தாவிட்டால் எல்லாப் பாடலிலும் அது உடன்பாடும். இதற்கு இருபத்திரண்டு அயிட்டங்களில் ஒன்றுகூடத் தீர்வு அல்ல. ராத்திரி பதினொரு மணிக்கு மேல், விசிறியை நிறுத்திவிட்டு, ஒரு பாட்டுக்கு ஒரு தடவை துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு வாசிப்பதுதான் தீர்வு. மூன்றாவது முள் ஒழுங்காகப் பூமியோடு சேராத பிளக்கிலிருந்து வரும் 50 ஹெர்ட்ஸ் ஹம்முக்கும், வீட்டு இன்வெர்ட்டர் மின்சாரம் கொண்டுவரும் கரகரப்புக்கும், வால்வு வைத்த ப்ரீஆம்ப் மருந்தல்ல. எலெக்ட்ரீஷியன்தான் மருந்து. அவர் பட்டியலில் இல்லை.

இலக்கங்களையும் பார்த்துவிடலாம். நண்பர் வாங்க நினைக்கும் கருவி வினாடிக்கு 192 ஆயிரம் தடவை ஒலியை அளந்து பதியுமாம். 44.1 ஆயிரம் தடவை அளந்தாலே 22 ஆயிரம் ஹெர்ட்ஸ் வரை பதிந்துவிடும். நல்ல காதுள்ள இளைஞனுக்கே 20 ஆயிரத்துக்கு மேல் கேட்காது. நாற்பது தாண்டிய நமக்கு அதுவும் இல்லை. 24 பிட் என்பதில் ஒரு சௌகரியம் உண்டு. ஒரு பிட்டுக்கு சுமார் 6 டெஸிபல் வீதம் கணக்கில் 144 டெஸிபல் வீச்சு கிடைக்கிறது. அதனால் முள்ளைச் சிவப்புக்கருகில் கொண்டுபோய் நிறுத்தவேண்டிய அவசியமில்லை. உச்சத்துக்கு 12 டெஸிபல் கீழேயே நிறுத்திக்கொண்டு நிம்மதியாக வாசிக்கலாம். உச்சத்தைத் தாண்டினால் உடைவதை எந்த மென்பொருளாலும் பழையபடி ஆக்கமுடியாது. இதைச் சொல்லிக்கொடுக்க அரைமணி நேரம் போதும். இன்று கடையில் கிடைக்கும் மிக எளிய, இரண்டு மைக் சொருகும் பெட்டியே இதைச் செய்கிறது. அதன் உள்ளிரைச்சல், நம் தெருவின் இரைச்சலுக்கு எவ்வளவோ கீழே.

இவையெல்லாம் நண்பருக்குத் தெரியாதவை அல்ல. என்னைவிட நன்றாகவே தெரியும். இரண்டு மைக் கம்பெனிகளின் வரைபடங்களை ஒப்பிட்டு அவர் ஒரு மணி நேரம் பேசுவார். தெரிந்துகொள்வதே செய்வதற்குப் பதிலாக ஆகிவிட்டதுதான் என் புகார். இந்த நோய் இலக்கியத்திலும் நமக்குப் புதிதல்ல.

3

ஒவ்வொரு விவாதத்திலும் ஓர் அமெரிக்க உதாரணம் வந்து சேரும். அன்றும் வந்தது. ப்ரூஸ் ஸ்ப்ரிங்ஸ்டீனின் ‘நெப்ராஸ்கா’. இதில் வேடிக்கை என்னவென்றால், பட்டியல் கட்சியும் அதைத்தான் சொல்கிறது, எதிர்க்கட்சியும் அதைத்தான் சொல்கிறது. 2025-இல் அதைப்பற்றிய திரைப்படமும் வந்துவிட்டதால் ஐதீகம் முழுமையாகிவிட்டது. நடந்தது என்ன என்று பார்ப்போம்.

1982 ஜனவரியில், நியூ ஜெர்ஸி மாநிலத்தில் கோல்ட்ஸ் நெக் என்ற இடத்தில் வாடகை வீட்டில் இருந்தார் அவர். அவருடைய கிதார்களைப் பராமரித்துவந்த உதவியாளர் ஒரு பெட்டியை வாங்கிவந்து படுக்கையறையில் வைத்தார்: டீயாக் கம்பெனியின் 144 போர்ட்டாஸ்டூடியோ. 1979-இல் வந்தது. சாதாரண காஸெட்டில், வழக்கமான வேகத்தைப்போல இரு மடங்கு வேகத்தில் ஓடி, நாலு தடங்களில் தனித்தனியாகப் பதியும் முதல் கருவி. இரண்டு ஷூர் எஸ்எம்57 மைக்குகள். பதிந்ததை எக்கோப்ளெக்ஸ் என்ற எதிரொலிக் கருவி வழியாக அனுப்பி, ஒரு பானசானிக் டேப் ரிக்கார்டரில் ஒன்றுசேர்த்து எடுத்தார்கள். இது வெளியீட்டுக்காகச் செய்ததல்ல. வாத்தியக்குழுவுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்க. பிறகு அதே பாடல்களை நியூயார்க்கில் பெரிய ஸ்டூடியோவில் குழுவோடு பதிவு செய்து பார்த்தார்கள். சரிவரவில்லை. கடைசியில் சட்டைப்பையில் கவர்கூட இல்லாமல் அலைந்துகொண்டிருந்த அந்தக் காஸெட்டையே வெளியிட முடிவாயிற்று. 1982 செப்டம்பர் 30 வெளியீடு.

இதிலிருந்து எளிமைக் கட்சிக்காரர்கள் எடுத்துக்கொள்ளும் நீதி: மலிவான கருவிதான் உண்மையைப் பதியும். பட்டியல் கட்சிக்காரர்கள் எடுத்துக்கொள்ளும் நீதி: அவர் ஸ்ப்ரிங்ஸ்டீன், எதில் பதிந்தாலும் கேட்பார்கள், நமக்கு அந்தச் சலுகை கிடையாது. இரண்டுமே பாதிக் கதை. காஸெட்டிலிருந்த ஒலியை இசைத்தட்டில் ஏற்றுவது லேசில் முடியவில்லை. வேறு வேறு இடங்களில் கைதேர்ந்தவர்கள் பலமுறை முயன்றபிறகே தட்டு வெட்ட முடிந்தது. படுக்கையறையில் மிச்சம் பிடித்த சிரத்தை, தட்டு வெட்டும் அறையில் வட்டியோடு செலவாயிற்று. எளிமைக் கட்சியினர் இதைச் சொல்லமாட்டார்கள். மறுபக்கம், பெரிய ஸ்டூடியோவின் அத்தனை வாசல்களும் திறந்திருந்த ஒருவர், அங்கே போய்ப் பார்த்துவிட்டு, தன் காதால் கேட்டு, திரும்பி வந்தார். பட்டியல் கட்சியினர் இதைச் சொல்லமாட்டார்கள். நம் நண்பர் எங்கேயும் போகவில்லை. திரும்பிவருவதற்கும் ஒன்றுமில்லை.

இன்னொரு பக்க உதாரணமும் உண்டு. நிக் டிரேக் தன் கடைசித் தட்டான ‘பிங்க் மூன்’-ஐ 1971-இல் லண்டனில், சவுண்ட் டெக்னிக்ஸ் என்ற தொழில்முறை ஸ்டூடியோவிலேயே பதிவு செய்தார். இரண்டு ராத்திரிகள். ஒலிப்பதிவாளர் ஜான் வுட் ஒருவர் மட்டும் உடன். தலைப்புப் பாட்டில் வரும் கொஞ்சம் பியானோவைத் தவிர மற்றதெல்லாம் குரலும் கிதாரும். மொத்தம் 28 நிமிஷம். அவ்வளவு சாமான்கள் இருந்த இடத்திலும் அவற்றைத் தொடாமலிருக்க ஒருவருக்கு முடிந்தது. ஆகவே எளிமை கருவியின் விலையில் இல்லை. எதை வேண்டாமென்று சொல்கிறோம் என்பதிலும், அதற்குமுன் எது வேண்டும் என்று தெரிந்துவைத்திருப்பதிலும் இருக்கிறது.

4

1936 நவம்பரில் டெக்ஸாஸ் மாநிலம் சான் அன்டோனியோவில் ஒரு ஹோட்டல் அறையில் ராபர்ட் ஜான்சன் முதல்தடவையாகப் பதிவு செய்யப்பட்டார். அடுத்த வருஷம் ஜூனில் டல்லாஸில் இன்னொரு தடவை. மொத்தம் 29 பாடல்கள். 1938 ஆகஸ்டில் இறந்துபோனார். வயது 27. ஹோட்டல் அறையில் அவர் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து வாசித்தார் என்று, பதிவை நடத்திய டான் லா பின்னால் நினைவுகூர்ந்தார். கூச்சம் என்று அவர் நினைத்தார். இல்லை, சுவர் மூலையில் பட்டுத் திரும்பும் ஒலியின் கனத்துக்காகவே அப்படி உட்கார்ந்தார் என்பது கிதார் கலைஞர் ரை கூடரின் வாதம். எது சரியோ. மூலையில் உட்காராதே என்று மேலே நானே சொன்னேன். அதற்கு எதிராகவும் ஒரு காது தீர்மானிக்கலாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன். சுவரைத் தவிர வேறு கருவி எதையும் தேர்ந்தெடுக்கும் உரிமை அவருக்கு இல்லை. அந்த இரண்டு சந்தர்ப்பங்களையும் இன்னும் நல்ல கருவி வரட்டும் என்று தள்ளிப்போட்டிருந்தால், இன்று ராபர்ட் ஜான்சன் என்பது மிஸிஸிப்பிப் பக்கத்து வதந்தி.

1933-இல் ஜான் லோமாக்ஸும் அவர் மகன் ஆலனும் அமெரிக்கத் தென்மாநிலங்களின் சிறைகளுக்குப் பாட்டுத் தேடிப் போனபோது, காரின் பின்புறத்தில் ஏற்றிச்சென்ற தட்டு வெட்டும் இயந்திரத்தின் எடை 315 பவுண்டு. கிட்டத்தட்ட ஒன்றரைக் குவிண்டால் இரும்பை இழுத்துக்கொண்டு போனார்கள். நமக்குக் கையடக்கமாகக் கிடைக்கும் பெட்டியை, தபால்காரர் வாசலில் கொண்டுவந்து தருகிறார். நமக்கு இன்னும் நேரம் வரவில்லை.

5

இவ்வளவு சொன்னபிறகு எளிமைக் கட்சி என்னைத் தன் ஆளாக எடுத்துக்கொள்ளும். அதையும் தடுத்துவிட வேண்டும். அன்று மாடியில் இளைஞர் ஒருவர் எழுந்து, ஃபோன் போதும் ஸார், கரகரப்பு இருந்தால்தான் நிஜமாக இருக்கும் என்றார். இது பட்டியலைவிட மோசமான பம்மாத்து. கரகரப்பு உண்மையின் முத்திரை அல்ல. அச்சுப்பிழை மலிந்த பத்திரிகை அதனாலேயே தீவிரமான பத்திரிகை ஆகிவிடுவதில்லை. நம்மில் சிலர் அப்படி நம்பியதுண்டு. மெய்ப்புப் பார்க்கச் சோம்பல்பட்டதற்கு லட்சியப் பெயர் வைத்ததுண்டு. வறுமை நிர்ப்பந்தமாக இருக்கும்போது அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அதை ஜோடனையாக அணிந்துகொள்ளும்போது வெட்கப்படத்தான் வேண்டும்.

ஃபோன் ஏன் போதாது என்பதற்கு என்னிடம் ஒரு காரணம் இருக்கிறது. அதைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனாலும் சொல்லாமல் இந்தக் கட்டுரை முடியாது.

பெரம்பூரில், ரயில்வேப் பட்டறையில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற ஓர் ஆங்கிலோ-இந்தியப் பெரியவர் இருந்தார். ஞாயிறு காலையில் தேவாலயத்தில் வாசிப்பார். மற்ற நாட்களில் அந்தப் பக்கத்துப் பையன்களுக்குக் கிதார் சொல்லித்தருவார். நானும் அந்தப் பையன்களில் ஒருவன், வயது முப்பது கடந்த பையன். அவர் வலதுகைக் கட்டைவிரலில் ஒரு விசேஷம் இருந்தது. தாழ்ந்த தந்தியை ஒரு சுரம் இறக்கி வைத்துக்கொண்டு, உள்ளங்கையின் ஓரத்தால் அதை அரைகுறையாக அமுக்கியபடியே கட்டைவிரலால் மீட்டுவார். தட்டும் சத்தமும் சுரமும் ஒன்றாக வரும். ரயில்பெட்டி தண்டவாள இணைப்பைக் கடப்பதுபோல் இருக்கும் என்று ஒருமுறை சொன்னேன். “முப்பது வருஷம் அதைத்தானே மேன் கேட்டேன்” என்றார். அந்த வாசிப்பை வேறு யாரிடமும் நான் கேட்டதில்லை. அவரிடம் கற்றவர்களில் ஒருவருக்கும் அது கைவரவில்லை, எனக்கும்தான்.

2014-இல் நாங்கள் மூன்று பேர் அவரைப் பதிவு செய்வதென்று முடிவு செய்தோம். ஒரு மைக்கா, இரண்டா என்று விவாதித்தோம். இரண்டு மைக் என்றால் இரண்டுக்கும் ஒலி வந்துசேரும் நேரவித்தியாசத்தில் சில சுரங்கள் ஒன்றையொன்று தின்றுவிடும், எனவே எந்த அமைப்பு என்று விவாதித்தோம். அவர் வீட்டுக்குப் பின்னால் ரயில் போகும், எனவே ஸ்டூடியோவுக்கு அழைத்துப்போக வேண்டும் என்றார் ஒருவர். அதை அவரிடமே சொன்னோம். “ஸ்டூடியோ எல்லாம் எதுக்கு மேன்? இங்கேயே புடி” என்றார். அங்கிள், நல்ல மைக் ஒன்று வரப்போகிறது, கொஞ்சம் பொறுங்கள் என்று சொன்னவன் நான். அவர் பொறுத்தார். 2015 கடைசியில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. விழுந்தது வலது பக்கம். மைக் வந்தது 2016 ஜனவரியில். அந்த வருஷம் ஜூனில் அவர் போய்விட்டார்.

மிஞ்சியிருப்பது என் பழைய ஃபோனில் விளையாட்டாகப் பிடித்த 47 வினாடி. முதல் இருபது வினாடி சுருதி சேர்க்கிறார். பிறகு ஒரு பாட்டின் ஆரம்பம். உள்ளே குக்கர் விசில். குக்கரைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. அது அந்த வீட்டின் ஒலி, இருக்கட்டும். புகார் வேறு. ஃபோன் பேச்சுக்குரலுக்காகச் செய்யப்பட்டது. குரலை மட்டும் முன்னே எடுத்து, மற்றதை இரைச்சல் என்று தானே தீர்மானித்து அமுக்கிவிடும்; சத்தம் கூடினால் தானே குறைக்கும், குறைந்தால் தானே கூட்டும். அமுக்கி மீட்டிய அந்தத் தாழ்ந்த தந்தியை அது இரைச்சல் என்று நினைத்துவிட்டது. மேல் தந்திகள் கேட்கின்றன, விசில் கேட்கிறது, அவர் இருமுவது கேட்கிறது. கட்டைவிரல் கேட்கவில்லை. எதற்காகப் பதிவு செய்ய நினைத்தோமோ அது மட்டும் அதில் இல்லை.

ஃபோனே போதும் என்ற இளைஞருக்கும், இருபத்திரண்டு அயிட்டமும் வரட்டும் என்ற நண்பருக்கும் என் பதில் இந்த 47 வினாடி. அன்று எங்களிடம் ஒரே ஒரு சாதாரண மைக் இருந்திருந்தால் போதும். அது வாங்கக் காசு இருந்தது. அதைவிட நல்லது வாங்க வேண்டும் என்ற எண்ணம்தான் குறுக்கே நின்றது. அதற்கும் தரம் என்றுதான் பெயர் வைத்திருந்தோம்.

6

எதை வாங்குவது என்று சொல்லாமல் முடித்தால், இதுவும் வெறும் பிரசங்கம் என்பார்கள். சொல்கிறேன்.

இரண்டு மைக் சொருகும் இண்டர்ஃபேஸ் ஒன்று. 48 வோல்ட் ஃபேண்டம் பவர் தருவதாக இருக்க வேண்டும். ஏனென்றால் கண்டென்ஸர் மைக் அது இல்லாமல் வேலை செய்யாது. சிறு டயஃப்ரம் கண்டென்ஸர் மைக் ஒன்று. விரலால் மெதுவாக மீட்டும் கிதாருக்கு இதைச் சிபாரிசு செய்யக் காரணம், எஸ்எம்57 போன்ற டைனமிக் மைக்குகளைவிட இது பல மடங்கு அதிக மின்னழுத்தம் தரும். டைனமிக் மைக்கில் மெல்லிய வாசிப்பைக் கேட்கவைக்க ப்ரீஆம்பை மிகவும் திருகவேண்டிவரும், அதன் சீறலும் கூடவே ஏறும். ஏற்கெனவே டைனமிக் மைக் இருந்தால் அதிலேயே ஆரம்பிக்கலாம், கிட்டத்தில் வைத்துப் பலமாக வாசிக்க வேண்டும், அவ்வளவுதான். கிதாருக்குள் ஒட்டிய பிக்கப்பை நேராகச் சொருகிப் பதிவு செய்வது மட்டும் வேண்டாம். பாலத்தினடியில் இருக்கும் பியஸோ, தந்தியைக் கேட்கும், மரத்தையும் அறையையும் கேட்காது. ஆடாத ஸ்டாண்ட் ஒன்று. காதை மூடும் ஹெட்ஃபோன் ஒன்று. ஒரு நல்ல கேபிள். புதுத் தந்திகள் ஒரு ஜோடனை. நம் கடற்கரைக் காற்றில் அவை துருப்பிடிக்க ரொம்ப நாளாகாது. கம்ப்யூட்டர் எல்லோரிடமும் இருக்கிறது. பதியும் மென்பொருளில் ஆடாஸிட்டி இலவசம்.

மைக்கை எங்கே வைப்பது? ஓட்டைக்கு நேராக வைக்காதீர்கள். வயிற்றிலிருக்கும் காற்று தன்னிச்சையாக 100 ஹெர்ட்ஸ் பக்கத்தில் அதிர்ந்து எல்லாவற்றையும் மூடிவிடும். பன்னிரண்டாவது கட்டைக்கு நேராக, ஒரு சாண் அல்லது அதற்குச் சற்றுக் கூடுதலான தூரத்தில் வைத்து, அங்கிருந்து விரற்கடை விரற்கடையாக நகர்த்திக் கேளுங்கள். கிட்டே வந்தால் கீழ் ஒலி பருக்கும், தள்ளிப்போனால் அறை உள்ளே வரும். இந்த ஒரு சாண் தூரத்தைக் காதால் கண்டுபிடிப்பதுதான் முழு விஷயமும். எந்தக் கடையிலும் அது கிடைக்காது. இருபத்திரண்டு அயிட்டங்கள் இருந்தாலும் அதைச் செய்யாமல் தப்பமுடியாது.

இவ்வளவுக்கும் ஆகிற செலவு, நண்பர் கையில் வைத்திருக்கும் ஃபோனின் விலைக்குள் அடங்கும். இதற்குமேல் ஏதாவது தேவை என்றால் ஒன்பது பாடல்களையும் பதிந்து கேட்டபிறகு வாங்கட்டும். அப்போது அவருக்கு எது குறை என்று தெரிந்திருக்கும். இப்போது அவருக்குத் தெரிந்திருப்பது எது விற்பனையில் இருக்கிறது என்பது மட்டுமே. குறை தெரிந்து வாங்குவது கைவேலை செய்பவன் காரியம். தச்சன் அப்படித்தான் உளி வாங்குகிறான்.

கடைசியாக ஒன்று. 2016 ஜனவரியில் வந்த அந்த மைக் இன்னும் என் வீட்டுப் பரணில்தான் இருக்கிறது. ஒரே ஒருமுறை சொருகிப் பார்த்தேன், நன்றாகத்தான் கேட்கிறது. நண்பர் அதை எடுத்துக்கொண்டு போகலாம். திருப்பித் தரவேண்டியதில்லை. நானே ஸ்டாண்டையும் தூக்கிக்கொண்டு வருகிறேன், எந்த ராத்திரி என்று அவர் சொல்லட்டும். இந்தக் கட்டுரைக்கு அவர் மறுப்பு எழுதினால் அடுத்த இதழில் போட ஆசிரியர் இடம் கொடுப்பார் என்றுதான் நம்புகிறேன். ஆனால் மறுப்பு எழுத எடுக்கும் நேரத்தில் குறைந்தது இரண்டு பாடல்கள் பதிந்துவிடலாம்.